வேலூரார் தந்த கணக்கு



2021இல் நம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், கொரோனா தடுப்பூசி என்றதும் அஞ்சி ஒதுங்கினோர் பலர். அவர்களை நான் கடிந்ததில்லை. நம்பத்தகுந்த கணக்கு எதுவும் அவர்கள் கைக்கு எட்டவில்லையே!

அக்கணக்கை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் தம் பணியாளரிடமிருந்தே எடுத்தனர். 1918இல், நச்சுக் காய்ச்சல் உலகை வாட்டிய அதே ஆண்டில், ஐடா ஸ்கட்டர் அம்மையார் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கல்லூரி.

இரு தவணை ஊசி பெற்ற 7,080 பேருள் 679 பேருக்கு நோய் தொற்றியதை அவர்கள் மறைக்கவில்லை. எனினும், மருத்துவமனையில் சேர்ந்தோர் 64 பேரே. உயிர்வளி தேவைப்பட்டோர் நால்வரே. அதுவரை அந்நோயால் மாண்ட ஒரே பணியாளர் ஊசி பெறாதவர். அவருக்கு வேறு பிணிகளும் இருந்தன என்பதையும் நேர்மையுடன் எழுதினர்.