செம்பனைச் சிவப்பும் வெயில் மின்சாரமும்



மூன்றாம் படிவம் முடித்த பிள்ளைகள் நான்காம் படிவத்திற்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையோடு தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். இரசாயனம் எடுக்க வேண்டுமென்பது அவள் ஆசை. தந்தைக்கோ சம்மதமில்லை.

"ஐயா, இரசாயனம்னா எங்களுக்குத் தெரிஞ்சது மருந்து டின்னுதான். இவ அம்மா பன்னிரண்டு வருஷம் அதை முதுகிலே சுமந்து புல்லுக்கு அடிச்சா. நகமெல்லாம் கறுத்துப் போச்சு. மகளும் அந்த வாடையிலேயே கிடக்கணுமா?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிடக் கூடிய கேள்வியா இது? பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-இல்தான் தடை செய்யப்பட்டது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அதைத் தெளித்திருப்பார்கள்! தந்தையின் பயம் நியாயமானது. ஆனால் மகள் படிக்க நினைப்பது வேறு. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதிய பொருள்களைப் பற்றிப் பள்ளியில் கேட்டிருக்கிறாள். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக் கூரைகளில் நாம் பார்க்கும் சூரியத் தகடு சிலிக்கானால் ஆனது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த சிலிக்கான் மின்கலம், வெயிலில் சுமார் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடு 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆனால் சிலிக்கானை உருக்க 1,400 பாகைக்கு மேல் சூடு வேண்டும். தகடும் கனமானது, வளையாது. அதற்குப் பதிலாக, கரிம அணுக்களால் ஆன பொருளை மை போலக் கரைத்துப் பிளாஸ்டிக் தாளில் பூசினால் என்ன? இதுதான் கரிமச் சூரிய மின்கலம்.

இதற்கு வேண்டிய பாடம் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. நம் தாத்தா பாட்டி வெட்டிய ரப்பர் பாலை நினைத்துப் பாருங்கள். ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒரு சங்கிலி நெட்டை, இன்னொன்று குட்டை. செம்பனை எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் அப்படியன்று. அது சின்ன மூலக்கூறு. 40 கரிம அணுக்கள்தான். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. மின்கலம் செய்வோர் சங்கிலிப் பொருளையும் பயன்படுத்துகிறார்கள், சின்ன மூலக்கூறையும் பயன்படுத்துகிறார்கள். சின்னதில் உள்ள வசதி, இன்று செய்ததும் அடுத்த மாதம் செய்வதும் மாறாமல் இருக்கும் என்பதே.

கரோட்டின் ஏன் சிவந்திருக்கிறது? அதன் அணுக்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. அந்த வரிசை நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறது. வரிசையை நீட்டினால் சிவப்பு ஒளியையும் விழுங்கச் செய்யலாம். வெயிலில் எந்தப் பங்கைப் பிடிப்பது என்பதை இப்படித்தான் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். கரோட்டின் வெயிலிலும் காற்றிலும் கெட்டுவிடும் என்பதால் புதிய மூலக்கூறுகளைக் கட்டுகிறார்கள்.

பிடித்தால் மட்டும் போதாது. ஒளி பட்டதும் கிளம்பும் மின்னணு, தான் விட்டு வந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்து இழுக்க, பக்கத்திலேயே இரண்டாவது பொருள் ஒன்று வேண்டும். 1986-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங் என்னும் அறிஞர் இரண்டு சின்ன மூலக்கூறுகளை இரண்டு அடுக்காக வைத்துச் சுமார் 1 விழுக்காடு மின்சாரம் எடுத்தார். அவற்றுள் ஒன்று, நீல மையிலும் பெயிண்டிலும் சேர்க்கும் தாமிரச் சாயம்! 2019-இல் சீனாவின் சாங்ஷா நகரில் யிங்பிங் சோ என்னும் பெண் விஞ்ஞானியின் குழு உருவாக்கிய 'ஒய்6' என்ற மூலக்கூறு 15.7 விழுக்காட்டைத் தொட்டது. அதன் வழிவந்தவை ஆய்வுக்கூடத்தில் 20 விழுக்காட்டை எட்டிவிட்டன.

இத்துறைக்கு உறவான சாய மின்கல ஆராய்ச்சியில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நெடுங்காலம் உழைத்தவர் டாக்டர் கல்யாணசுந்தரம், ஒரு தமிழர். பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றிய மதுரைத் திட்டத்தை 1998-இல் தொடங்கியவரும் அவரே. நமக்கு அருகில், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் சூரிய ஆற்றலுக்கென்றே ஓர் ஆய்வுக் கழகம் இருக்கிறது.

நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தந்தை, "எல்லாம் சரிங்க ஐயா. அதைக் கரைக்கிற தண்ணி கையைச் சுடாதா?" என்றார்.

நல்ல கேள்வி, வாசகர்களே! இம்மூலக்கூறுகள் பலவற்றைக் கரைக்கக் குளோரோபார்ம் போன்ற நச்சுத் திரவங்களைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். தொழிற்சாலையில் அதைச் சுவாசிப்பவர் யார்? நம்மைப் போன்ற தொழிலாளிதான். அதனால் தீங்கு குறைந்த திரவத்தில் கரையும்படி மூலக்கூறை மாற்றிக் கட்டும் வேலை இப்போது நடக்கிறது. மூலக்கூறின் பக்கத்தில் ஒரு வாலைச் சேர்த்தால் நன்றாகக் கரையும். வால் மிகப் பெருத்தால் மூலக்கூறுகள் விலகி நின்று மின்சாரம் தடைப்படும். எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பார்த்து அளக்க வேண்டும். மகளின் தாயார் பட்ட துன்பம் இன்னொருத்திக்கு வராமல் தடுப்பதும் அந்தப் படிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இவ்வகை மின்கலம் சிலிக்கானைப்போல் 25 ஆண்டு வெயிலையும் ஈரத்தையும் தாங்குவதில்லை. கூரைக்குப் பரவலாக வர இன்னும் உழைப்பு வேண்டும். ஆகவே இதை நம்பி உடனே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரசாயனத்தை நான்காம் படிவத்தில் விட்டுவிட்டால், பின்னால் அந்தக் கதவைத் திறப்பது மிகக் கடினம்.

தந்தை பாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இவ அம்மாகிட்டேயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன் ஐயா" என்றார். அதுதான் முறை.

உங்கள் வீட்டிலும் இதே பாரம் வந்திருக்கலாம். கையெழுத்திடுமுன் பிள்ளையை உட்கார வைத்து, ஏன் இந்தப் பாடம் என்று கேளுங்கள். பயம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.