எவருடைய நாய்?

காதற் கதைகள்மீது நமக்குப் பகையில்லை. ஆனால், இங்கிலாந்தின் ரீஜென்ஸிக் காலத்தை (1811–1820) நடன மண்டபமாகவும் சாரட்டு வண்டியாகவும் மட்டுமே காட்டும் கதைகளை நாம் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

இவ்வகைக் கதைகளுக்கு வழிவகுத்தவர் ஜோர்ஜெற் ஹேயர். 1949இல் வெளிவந்த அவரது ‘அரபெல்லா’வில், துன்புறுத்தப்பட்ட தெருநாயொன்றை மீட்கும் நாயகி அதைச் செல்வந்தனான நாயகனிடம் ஒப்படைக்கிறாள். அவன் நெஞ்சின் ஈரத்துக்கு அந்நாயே சாட்சியாகிறது. சுவையான கற்பனைதான். ஆனால், அக்காலத்துக் கிராமத்து ஏழையின் நாய் எதற்குச் சாட்சியாயிற்று? குற்றத்துக்கு!

ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் நிலமோ உயர்குடிப் பிறப்போ இல்லாதவன் வேட்டைநாய் வைத்திருப்பதை 1671ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. முயல் பிடிக்கும் கலப்பின நாய்க்கும் அத்தடை உண்டு. பிரபுவின் வேட்டைக் காவலன் குடிசையைச் சோதித்து நாயைப் பறிக்கலாம். 1831இலேதான் அச்சட்டம் நீங்கியது. இரவில் வலையோடு வேட்டை நிலத்திற் பிடிபட்டவனை ஏழாண்டு நாடுகடத்தவும் 1816ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. கூலியாளின் நாயோ அவனுடைய அடுப்பை எரியவைத்த தோழன்!

“பொழுதுபோக்குக் கதையிற் சட்டத்தைத் தேடுவதா?” என்பர் சிலர். நாயகனின் ஆண்டு வருமானத்தைப் பவுண் கணக்கிற் சொல்லத் தெரிந்த கதைகளுக்கு, அவ்வருமானத்தை உழைத்துக் கொடுத்தவனின் நாயைப்பற்றி மட்டும் ஏன் இந்த மௌனம்?

ஆசிரியர்களே, மாணவத் தோழர்களே! இக்கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால், மாளிகையில் அன்பின் அடையாளமான நாய் குடிசையிற் களவின் தடயமானது எவ்வாறு என்ற வினாவையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள்.