மாற்றுச் சிறுநீரகமும் தடுப்பூசியும்

மனைவி கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறார் என் நண்பர் ஒருவர். தடுப்பூசி போட்டால் உடம்பு அதை ஒதுக்கிவிடுமோ என்று பயந்து, ஃப்ளூ ஊசியைக்கூடத் தள்ளிப்போடுகிறார். பயம் புரிகிறது, முடிவுதான் சரியில்லை.

மாற்று உறுப்பைக் காக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். ஆகவே தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி சேர்ந்த ஊசிகள் அவர்களுக்குப் பொதுவாக ஆகாது. அவற்றை அறுவைக்கு நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். உயிர்க்கிருமி இல்லாத ஃப்ளூ ஊசி, நிமோனியா, ஹெபடைடிஸ் பி ஊசிகளை மருத்துவர் சொல்லும் நேரத்தில் பிறகும் போடலாம்.

பலன் மட்டும் குறையும். 2021இல் பிரான்சின் துலூஸ் நகரில், உறுப்பு மாற்றிக்கொண்ட 101 பேருக்கு மூன்று முறை கொரோனா ஊசி போட்டார்கள். இரண்டு ஊசிக்குப் பிறகு 40 சதவீதத்தினருக்கே எதிர்ப்பொருள் உண்டானது. மூன்றுக்குப் பிறகு 68 சதவீதம். மூன்றாம் ஊசிக்குப் பின் யாருடைய உடம்பும் உறுப்பை ஒதுக்கவில்லை.

மீதிப் பேருக்கு யார் காவல்? கூட இருக்கும் நாம்தான். வீட்டார் எல்லோரும் போட்டுக்கொள்வதே அவருக்குப் பாதி மருந்து. அடுத்த முறை அவர் மருத்துவரிடம் போகும்போது நானும் கூடப் போகிறேன். வாரம் தவறாமல் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரும் எனக்கும் ஒரு ஃப்ளூ ஊசி பாக்கி.