நாய்க்குட்டியின் பொருட்டு இரத்தல்

மாணவர் விடுதிகளில் நன்கொடைப் பட்டியல் சுற்றி வருதல் புதுமையன்று. விளையாட்டுக்கும் விழாவுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நாம் கையொப்பம் இட்டே வந்திருக்கின்றோம். ஆயின் அண்மையில் கைப்பேசிகளின் வழியாக நம்மிடை உலவிய வேண்டுகோள் ஒன்று, முன்னைய பட்டியல்கள் எவையும் எழுப்பாத வாதத்தை எழுப்பிவிட்டது. தெருவில் தாயை இழந்து கிடந்த இரண்டு மாதக் குட்டியொன்றை, நிலையான வீடு கிடைக்கும் வரையில் பேணுவதாக ஏற்றுக்கொண்ட மாணவர் ஒருவர், அதற்குக் குடலில் அறுவைச் சிகிச்சை வேண்டியிருத்தலின் பொருளுதவி கேட்டார். கொடுத்தாரும் உளர், நகைத்தாரும் உளர். நகைத்தவர் கூற்றை ஆராயாது தள்ளுதல் முறையன்று. அதில் ஒரு பாதி வெற்றுரை. மற்றைப் பாதி மெய்யாகவே கனமுடையது.

“மனிதர் பசித்திருக்க நாய்க்கோ பணம்?” என்பது முதற்பாதி. இவ்வினாவை எழுப்புவோர், நாய்க்குக் கொடாது மிச்சம் பிடித்த பணத்தைப் பசித்தவர்க்குக் கொண்டுபோய்க் கொடுத்ததை யான் கண்டதில்லை. அது பெரும்பாலும் சிற்றுண்டிச் சாலையிலேயே செலவாகின்றது. அது நிற்க. வரலாறு கூறுவதும் வேறாகவே இருக்கின்றது. 1874-ம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் மேரி எல்லன் என்னும் சிறுமி, தன்னை வளர்த்தவளாற் கொடுமையாக அடிக்கப்பட்டு வந்தாள். மெதடிஸ்டு மிஷன் ஊழியராகிய எட்டா வீலர் அம்மையார் அவளை மீட்க விரும்பிப் போலீசாரிடமும் தரும ஸ்தாபனங்களிடமும் முறையிட்டும் பயன் பெறாமல், இறுதியில் ஹென்றி பெர்க்கு என்பவரிடம் சென்றார். பெர்க்கு யாரெனில், 1866-ல் அமெரிக்காவின் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். அவருடைய முயற்சியால் வழக்கு நீதிமன்றம் சென்றது, சிறுமி மீட்கப்பட்டாள், அவ்வழக்கின் விளைவாகவே குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கம் அந்நகரில் தோன்றிற்று. குழந்தையும் ஒரு பிராணியே என்று பெர்க்கு வாதாடி வென்றதாகச் சொல்லப்படும் கதை பிற்காலத்தார் கட்டியது. அதனை நாம் நம்ப வேண்டுவதில்லை. அடிபடும் குதிரைக்கு இரங்கப் பழகிய செவியே குழந்தையின் அழுகையையும் கேட்டது என்பது போதும்.

இனி மற்றைப் பாதி. “பேகன் மயிலுக்குப் போர்த்தது தன் போர்வை, பாரி முல்லைக்கு ஈந்தது தன் தேர். அவர்கள் ஊராரிடம் பட்டியல் நீட்டினாரல்லர். உம்முடைய இரக்கத்துக்கு என்னுடைய பணப்பை ஏன் திறக்க வேண்டும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதனை யான் எளிதில் தள்ளேன். வள்ளுவர் ‘இரவு’ என ஓரதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என மற்றோரதிகாரம் வைத்தார். எத்துணை நல்ல காரியத்துக்காயினும் பிறர் பொருளைக் கேட்டல் அஞ்சிச் செய்யத்தக்கதே.

ஆயினும், இடைக்காலமாகப் பேணுவோர் நிலை உடையவர் நிலையன்று. நாயை விலை கொடுத்து வாங்கியவர் அதன் நோய்க்கும் கடன்பட்டவராவர். தெருக்குட்டி ஒருவர்க்கும் உரியதன்று. ஆதலின் அதன் துன்பம் ஊர் முழுவதற்கும் உரியது. 1976-ல் நம் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலும் ஒன்று; அது குட்டியைக் கையில் எடுத்தவர்க்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. உணவூட்டவும், பழந்துணி விரிக்கவும், இரவில் விழித்திருக்கவும் அம்மாணவர் முன்வந்தார். நம்மில் எவரும் செய்ய மனங்கொள்ளாத பகுதியை அவர் செய்தார். பணம் எஞ்சியோரின் பங்கு.

நோயின் இயல்பை அறியாதார் சிலர், “மாத முடிவில் தருகின்றோம்” என்றனர். அக்குட்டிக்கு நேர்ந்தது குடற்செருகல். சட்டைக் கையை உள்ளே மடித்துத் திணித்தாற்போலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதியினுட் புகுந்து சிக்கிக்கொள்ளும். வயிற்றுப் புழுக்களாலேனும் பார்வோ என்னும் கழிச்சல் நோயாலேனும் குடல் கலங்கிய இளங்குட்டிகளிடம் இது நேர்வதுண்டு. உண்டது வாந்தியாகும், மலத்தில் இரத்தம் தோன்றும், மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்குங்கால் தடித்த குழல் போன்றதொன்று கையில் தட்டுப்படலாம். சிக்கிய பகுதிக்கு இரத்தவோட்டம் தடைப்படுதலின், தாமதிக்குந்தோறும் குடல் பட்டுப்போகும். முன்னரே கண்டால் மெல்ல வெளியே உருவிவிடலாம். தாழ்த்தாலோ, பட்ட பகுதியை வெட்டி நீக்கி இரு முனைகளையும் இணைத்துத் தைத்தல் வேண்டும். தைத்த இடம் கசியுமோ என்று அடுத்த நான்கைந்து நாட்களும் அஞ்சிக் காத்திருக்க வேண்டும். ஆதலின் அறுவை முடிந்த அன்றே செலவு முடிந்துவிடுவதில்லை. மயக்க மருந்து, நரம்பில் ஏற்றும் உப்புநீர், நோவு தணிக்கும் ஊசி, தையலை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, ஆட்டோ வாடகை என அது நீண்டுகொண்டே செல்லும். அக்குட்டி பிழைத்தது என்பதை ஈண்டுக் கூறிவிடுகின்றேன். இறந்திருப்பினும் யான் இக்கட்டுரையை இவ்வாறே எழுதியிருப்பேன்.

இத்தகைய வேளையிற் பேணுவோர் முதலிற் கடன்பட்டுச் சிகிச்சை செய்வித்துப் பின்னரே ஊராரிடம் கை நீட்டுகின்றனர். இஃது இன்று நேற்றுத் தோன்றிய துன்பமன்று. 1824-ல் இலண்டனில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியபோது அதன் முதற் காரியதரிசியாக இருந்தவர் ஆர்தர் புரூம் என்னும் குருவானவர். சங்கத்தின் கடனுக்காக அவர் 1826-ல் சிறை புகுந்தார். உடன் உழைத்த ரிச்சர்டு மார்ட்டினும் லூயிஸ் காம்பெர்ட்சும் பொருள் திரட்டி அவரை மீட்க வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்தைப் புகழ்ந்துவிட்டுக் கணக்கை ஒருவர் தலையிற் கட்டுவது பழைய வழக்கமே.

கேட்போர்க்கும் கடன் உண்டு; இதில் யான் சிறிது கடுமையாகவே இருப்பேன். கேட்குமுன் மருத்துவரிடம் செலவின் மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. சென்னையில் உள்ளார், 1903-ல் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் நிலைபெற்றிருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை முதலில் நாடுக. குறைந்த செலவிற் செய்யக் கூடியதற்குப் பெருந்தொகை கேட்டல் கொடுப்போர்க்குச் செய்யும் தீங்கு. கூடுமாயின் பணம் நேரே மருத்துவமனைக்கே செல்லுக. ரசீதுகளை யாவரும் காண வைக்க. வேண்டிய தொகை சேர்ந்ததும், “போதும்” என்று அன்றே அறிவித்தல் வேண்டும். இரத்தம் தோய்ந்த படங்களை நாள்தோறும் அனுப்பி இரக்கத்தைப் பிழிதல் எனக்கு உடன்பாடன்று; முதல் முறை கண்கலங்கியவர் நான்காம் முறை முகந்திருப்பிக்கொள்வார், அதன்பின் வரும் குட்டிக்கு உதவுவார் இரார். குடல் பெரும்பகுதியும் அழிந்தது, இனி வேதனையே மிச்சம் என்று மருத்துவர் உரைப்பாராயின், பணம் கையில் இருக்கின்றது என்பதற்காகவே கத்தி வைக்கச் சொல்லுதல் கருணையாகாது. நோவின்றி அதனைப் போகவிடுதலையும் நன்கொடையாளர் செலவாகவே ஏற்றல் வேண்டும்.

மிஞ்சிய தொகையைப் பற்றியே விடுதியில் இப்பொழுது பெரும் பேச்சு நடைபெறுகின்றது. திருப்பித் தருக என்பார் சிலர். அவர்கட்குத் திருப்பித் தருதலே நேர்மை. எஞ்சியோர் இசைவாராயின், அத்தொகை தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் செல்லட்டும். பார்வோ நோய்க்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரையில் சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போடத்தக்கது. ஒரு குட்டியின் குடலைத் தைக்கும் பொருளிற் சிறு பகுதியே அதற்கு வேண்டும். ஆயின் ஊசிக்கென்று பட்டியல் நீட்டினால் ஒருவரும் கண்கலங்கார், ஆகவே ஒருவரும் நீட்டுவதில்லை. அக்குட்டியின் உடன்பிறந்தவை மூன்று இன்னும் விடுதியின் பின்புறத் தெருவிலேயே திரிகின்றன. அவற்றுக்கு இப்பொழுது பத்தாம் வாரம் நடக்கின்றது.