சொல்தா, ஜவான், அக்னிவீரர்: பட்டாளப் பயிற்சியில் யார் பட்ட பாடு அதிகம்?

"எங்க காலத்து டிரெயினிங்கிலே பாதிகூட இப்போ கிடையாது!"

வில்லியனூர், பாகூர் பக்கம் டீக்கடை பெஞ்சில் மாஜி பட்டாளத்துக்காரர் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் இந்தப் பேச்சு வராமல் போகாது. பக்கத்தில் அக்னிவீரராகச் சேர்ந்து லீவில் வந்த பையன் ஒருவன் நின்றுவிட்டால், கேட்கவே வேண்டாம்!

"நாங்க 9 மாசம் மிதிபட்டோம்" என்பார் இவர். "நாங்க அதையே 6 மாசத்திலே முடிக்கிறோமே" என்பான் அவன். பாரீசிலிருந்து லீவில் வந்த மூன்றாமவர் வேறு தன் பங்குக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துக் கதையை எடுத்துவிடுவார்.

இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும், விஷயம் அதில் இல்லை. பயிற்சி எத்தனை மாதம் என்பதைவிட, பயிற்சி முடிந்த பின் எத்தனை வருஷம் என்பதுதான் அடியோடு மாறியிருக்கிறது. சேரப்போகும் பையன்களும் அவர்களைப் பெற்றவர்களும் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.

"கார்த் அ வூ!"

இரண்டு நாட்டுப் பட்டாளத்தையும் பார்த்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ந்தேதி ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்ட 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றனர். 8 பேர் வேண்டாம் என்றனர். 1962 ஆகஸ்டு 16-ந்தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க 6 மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பட்டாளத்துக் குடும்பங்கள் கணிசம். அவர்களைத்தான் ஊரில் "சொல்தா வீடு" என்கிறார்கள்.

சொல்தாவின் பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். அவன் இந்தியப் பட்டாளத்துக்குப் போக முடியாது. ஆகவே இரண்டு பட்டாளமும் ஒரே வீட்டில் இருப்பது அபூர்வம். ஒரே ஊரில் இருப்பது இங்கே அதிசயம் இல்லை.

இந்தோசீனா சண்டையைப் பார்த்த சொல்தாக்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்கள் தூக்கியது மாஸ்-36 துப்பாக்கி. ஒரு தடவைக்கு 5 குண்டு. ஒவ்வொன்றுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டும். "அட்டென்ஷன்" என்பதற்கு அங்கே "கார்த் அ வூ". முதல் சில வாரப் பயிற்சிக்கு "கிளாஸ்" என்று பெயர். புரியாத பாஷையில் உத்தரவு, பழகாத குளிர், பன்றி இறைச்சியும் ரொட்டியும்! சோறு கண்ட வயிறு என்ன பாடுபட்டிருக்கும்?

வெலிங்டன் குளிர்

இந்தியப் பட்டாளத்துக்குப் போனவர்களுக்கும் பாஷைத் தொல்லை போகவில்லை. "கார்த் அ வூ" போய் "சாவ்தான்" வந்தது, அவ்வளவுதான்! இந்தி தெரியாமல் போன தமிழ்ப் பையன்கள் மைதானத்தில் பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்பிய கதையை எல்லா மாஜி ஜவானும் சொல்வார்.

1758-ல் தோன்றிய பழைய படையான மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம். பாகூர் ஏரிக்கரை வெயிலில் வளர்ந்தவனுக்கு விடியற்காலை வெலிங்டன் குளிரே பாதி தண்டனை. அந்த நாளில் கையில் 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. 1990-களின் கடைசியில் இன்சாஸ் வந்தது. இப்போது ஏ.கே.-203 வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அன்று சேர்வது சுலபம். ரேலிக்குப் போய் ஓடிக் காட்டி, மார்பளவு கொடுத்து, பிறகு பரீட்சை. எழுத்துப் படிப்பே பயிற்சி முகாமில் நடந்ததும் உண்டு. 2023 முதல் தலைகீழ்! முதலில் கம்ப்யூட்டரில் பரீட்சை. அதில் தேறினால்தான் மைதானம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மார்க். 10 தடவை கம்பியில் தொங்கி எழுந்தால் 40 மார்க். 2025 பரீட்சையைத் தமிழிலும் எழுத விட்டது ஒரு நல்ல காரியம்.

ஆக, இன்றைய பையன் முகாமுக்குள் நுழையும் முன்பே வடிகட்டப்படுகிறான். இதைப் பெரியவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

15 வருஷக் கணக்கு

பழைய சொல்தாவும் பழைய ஜவானும் வேறு வேறு கொடிக்கு சல்யூட் அடித்தவர்கள். ஆனால் இருவர் வாழ்க்கையிலும் ஒரே நம்பர் உண்டு. அது 15!

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சாதாரண சிப்பாய்க்கு அந்நாளில் 15 வருஷம் முடிந்தால் பென்ஷன் உரிமை. இந்தியப் பட்டாளத்திலும் சிப்பாய் பென்ஷனுக்கு 15 வருஷம். எனவே பயிற்சி முகாமில் அரைகுறையாக விட்டாலும் பாதகமில்லை. மீதியை ஹவில்தாரும் சுபேதாரும் பட்டாலியனில் வருஷக்கணக்கில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சிப்பாய் உருவானது அங்கேதான்.

2022 ஜூன் 14-ந்தேதி அக்னிபாத் அறிவிப்பு வந்தது. பயிற்சியையும் சேர்த்து மொத்தமே 4 வருஷம். அதில் பயிற்சிக்கு 6 மாதம், வருஷத்துக்கு 30 நாள் லீவு என்று கழித்தால் பட்டாலியனில் நிற்பது சுமார் 38 மாதம். முகாமில் விட்டதை அங்கே பிடிக்க நேரம் எங்கே? ஆகவேதான் 6 மாதத்துக்குள் அத்தனையையும் திணிக்கிறார்கள். பழைய ஆள் "மாசம் குறைஞ்சு போச்சு" என்கிறார். உண்மையில் நாளொன்றுக்கு ஏறும் சுமை குறைந்ததாகத் தெரியவில்லை.

சர்க்கார் தரப்பு வாதமும் உண்டு. படையின் சராசரி வயது 32. அதை 26 ஆக்கினால்தான் மலை முகட்டுச் சண்டைக்கு ஆகும் என்பது அது. பென்ஷன் செலவு குறையும் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை!

குறுகிய காலச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அல்ஜீரியா சண்டைக்கு பிரான்ஸ் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் சில மாதப் பயிற்சி பெற்ற கட்டாயச் சேவைப் பையன்கள்தான்.

பாரீசில் என்ன நிலைமை?

அந்தக் கட்டாயச் சேவையும் தேய்ந்துகொண்டே வந்தது. 1950-ல் 18 மாதம். 1970-ல் 12 மாதம். 1992-ல் 10 மாதம். 1997 சட்டம் அதை நிறுத்தியேவிட்டது. புதுச்சேரியிலிருந்து சேவைக்கென்று விமானம் ஏறி, அங்கேயே வேலை தேடித் தங்கிவிட்டவர்கள் பலர். அந்த வழி அதோடு அடைபட்டது. பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைக்கு இப்போது கட்டாயம் என்பது ஒரே ஒரு நாள் தேசப் பாதுகாப்பு வகுப்புதான். தாத்தாவுக்கு 15 வருஷம், பேரனுக்கு ஒரு நாள்!

ரஷ்யா, உக்ரைன் சண்டைக்குப் பிறகு அங்கேயும் யோசனை மாறியது. விருப்பமுள்ளவர்களுக்கு 10 மாதப் படைச்சேவை என்று 2025 நவம்பரில் அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

நாலில் ஒருவர்

அக்னிவீரருக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 30 ஆயிரம். அதில் 9 ஆயிரம் சேவை நிதிக்குப் போகும். கைக்கு வருவது 21 ஆயிரம். 4 வருஷம் முடிந்ததும் வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நாலு பேரில் ஒருவருக்குத்தான் மேற்கொண்டு பட்டாளத்தில் இடம் என்பது 2022-ல் போட்ட விதி. மத்திய ஆயுதப் போலீசில் 10 சதவீத ஒதுக்கீடும் அப்போதே அறிவிக்கப்பட்டது.

மற்ற மூன்று பேரும் ஊர் திரும்பும்போது இளவயதுக்காரர்களாகவே இருப்பார்கள். மாஜி பட்டாளத்துக்காரர் என்றால் கேண்டீன் கார்டும் மாதா மாதம் பேங்கில் பென்ஷனும் என்று கண்டு பழகிய ஊர் இது. சொல்தா வீட்டு விதவைக்குக்கூட பிரான்சிலிருந்து பணம் வருகிறது. அதை நம்பிக் கடன் கொடுத்துப் பழகிய மளிகைக் கடைக்காரர்கள் இந்தப் புது "மாஜி"க்கு எந்தக் கணக்கில் கடன் எழுதுவார்கள்?

முதல் அணி 2023 ஜனவரியில் முகாமுக்குள் போனது. அதன் 4 வருஷம் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது.