மலிவு பிராசசரும் ஆய்வேட்டின் எண்களும்

எங்கள் துறையில் இவ்வாண்டு ஆய்வுக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், ஆனேக்கல்லில் நான் குடியிருக்கும் தெருவிலேயே அறை எடுத்திருக்கிறார். சென்ற ஞாயிறன்று ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தோடு எஸ்.பி. ரோடு சென்று, மலிவான பிராசசர் ஒன்றை வாங்கி, அதை ஓவர்கிளாக் செய்து, ஆய்வேட்டுக்கான கணக்கீடுகளை இரவெல்லாம் ஓட்டுவது அவர் திட்டம். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ('செயலி' என்ற நல்ல சொல்லைக் கைப்பேசி உலகம் எடுத்துக்கொண்டுவிட்டதால் பிராசசர் என்றே எழுத வேண்டியிருக்கிறது.)

அவருடைய ஆசைக்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 என்ற பெருக்கியோடு 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பஸ்ஸை 100 ஆக்கினால் அதுவே 450. கூடுதல் செலவின்றி ஒன்றரை மடங்கு வேகம்! அந்தக் கதைதான் இன்றும் மாணவர் விடுதிகளில் உலவுகிறது.

ஆனால் அன்று மறைந்துகிடந்த அந்த உபரியை இன்று நிறுவனங்களே 'பூஸ்ட்' என்ற பெயரில் விற்றுவிடுகின்றன. இன்டெல்லில் பெருக்கி பூட்டப்படாத 'கே' வகை இப்போது ஐ5 வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு 'இசட்' வகை மதர்போர்டும் வேண்டும். மலிவு என்ற பேச்சு கடை வாசலிலேயே முடிந்துவிடுகிறது. ஏஎம்டி தாராளம்: ரைசன் 5 5600 பூட்டற்றது, 6 கோர், 12 திரெட், ஏ520 போர்டு உதவாது, பி450 அல்லது பி550 போதும். ஆயினும் அது தானாகவே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. அதற்குமேல் நாம் கையால் கூட்டக் கிடைப்பது சொற்பம். விலையோ பெரிது: மின்திறன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம் ஆகையால், இரண்டையும் 10 விழுக்காடு உயர்த்தினால் வெப்பம் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும்.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஓவர்கிளாக் செய்தோர் பிரைம்95 என்ற மென்பொருளை ஓர் இரவு ஓட்டி, 'நிலையாக இருக்கிறது' என்பார்கள். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்த மென்பொருளின் சோதனைக்கு, வரவேண்டிய விடை முன்பே தெரியும். பிழை வந்தால் சொல்லிவிடும். நம் ஆய்வேட்டுக் கணக்கின் விடை யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நம்மைப்போல் வேகத்தைக் கூட்டி விளையாடாத தரவு மையத்தில், ஒரு பிராசசரின் ஒரே ஒரு கோர், 1.1இன் 53ஆம் அடுக்கின் முழு எண் பகுதியை 156 என்பதற்குப் பதில் 0 என்றது. 52ஆம் அடுக்கைக் கேட்டால் 142 என்று சரியாகச் சொன்னது. எச்சரிக்கை இல்லை, நீலத்திரை இல்லை. தொழிற்சாலை வகுத்த வரம்புக்குள்ளேயே இப்படி நேருமென்றால், அந்த வரம்பை நாமே நள்ளிரவில் தள்ளிவைத்துவிட்டு, காலையில் வரும் எண்ணை எந்தத் துணிவில் அட்டவணையில் ஏற்றுவது? கணினி நின்றுபோனால் நல்லது. நிற்காமல் தவறினால்தான் ஆபத்து.

ஓவர்கிளாக்கிங் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கணினி அமைப்பைக் கற்க அதைப்போல் நல்ல ஆசிரியர் அரிது. நானும் பழைய பென்டியம் ஜி3258 ஒன்றை அப்படிப் படாதபாடு படுத்தியிருக்கிறேன். ஆனால் ஆய்வேட்டுக்கு எண் தரும் இயந்திரம் வேறு, விளையாடும் இயந்திரம் வேறு. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் அதன் வேகத்தில் கைவைக்காதீர்கள். மிச்சத்தை ராமிலும், மின்சாரம் அடிக்கடி போய்வரும் எங்கள் தெருவைப் போன்ற இடங்களில் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். முக்கியமான கணக்கை இன்னொரு கணினியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தம்பி பட்டியலில் விலை உயர்ந்த கூலரை அடித்துவிட்டு, ராமை 32 ஜிபி ஆக்கியிருக்கிறார். மதர்போர்டு மட்டும் பி550தான். "ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுநாள் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்கிறார்.