சங்குக்கு ஆங்கிலம் என்ன?

ஆங்கில அகராதியில் 'சாங்க்' என்றொரு சொல் உண்டு. மன்னார் வளைகுடாவில் குளித்து எடுக்கப்படும் நமது சங்கேதான் அது. வடமொழிச் 'சங்கம்' தமிழில் சங்காகி, கடல் வணிகத்தோடு ஆங்கிலம் ஏறியது. 1890இல் இலங்கையின் ஆங்கிலேய அரசு சங்குத் தொழிலுக்கெனச் சட்டம் இயற்றியபோது, அதற்குச் 'சாங்க்ஸ்' கட்டளைச் சட்டம் என்றே பெயரிட்டது. சென்னை மாகாண மீன்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய நூலின் தலைப்பிலும் அச்சொல்லே நிற்கிறது.

அன்று ஆள வந்தவன் நம் சொல்லை எழுதினான். இன்று நம்மவரோ ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் 'கொங்க்' என்கிறார்கள். அதுவும் கிரேக்கம், இலத்தீன் வழி வந்த சொல்தான். வடமொழிச் சங்கத்திற்கு உறவுடையது என்பர் மொழியியலார். உறவு இருக்கட்டும், பொருள் வேறல்லவா?

உலகச் சந்தையில் 'கொங்க்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கரிபியக் கடலின் பெருஞ்சிப்பி. அது பாசி மேயும் உயிர். இறைச்சிக்காகவே பெரிதும் பிடிக்கப்படுவது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகத்திற்குக் கட்டுப்பாடு உண்டு. நமது சங்கோ மணற்படுகையில் புழுக்களைத் தின்று வாழ்வது. வளையாக அறுக்கத்தக்க தடித்த ஓட்டுக்காக டாக்கா வரை விலைபோனது. இரண்டையும் ஒரே பெயரால் எழுதினால், ஒன்றன் மீதான தடை மற்றதன் மீதும் உள்ளதாகப் படிப்பவர் கருத மாட்டாரா? மூச்சடக்கி மூழ்குபவனின் பிழைப்பு சம்பந்தப்பட்ட செய்தியில் இத்தகைய மயக்கம் ஆகாது. 'சாங்க்' என்று எழுதினால் ஐயமே எழாது.

வலம்புரி விஷயம் இன்னும் வேடிக்கை. பல்லாயிரத்தில் ஒன்றாகக் கிடைக்கும் வலம்புரியை ஆங்கில விலங்கியல் 'இடப்புறம் சுழல்வது' என்கிறது. தவறு எவர் பக்கமும் இல்லை. அவர்கள் சுருளின் உச்சி மேலே இருக்குமாறு சங்கைப் பிடித்து, வாய் எப்பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் அந்த உச்சியைக் கீழே வைத்துப் பார்க்கிறோம். ஆகவே வலம்புரியைச் சொல்லுக்குச் சொல் 'ரைட் ஹாண்டட்' என மொழிபெயர்த்தால், விலங்கியலார் அதைச் சாதாரண இடம்புரி என்றே எடுத்துக்கொள்வர்.